சிதைவு நோய்களும் சுகாதாரக் கல்வியும்: எடுத்துச் சொன்னால் மட்டும் போதுமா?

டிமென்ஷியா எனும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் அறிக்கை தந்தது. அந்த எண் செய்திகளில் பெரிதாக ஓடியது. ஆனால் முழங்கால் வலி என்று போகிறவர்களுக்குக் கிடைக்கும் பதில் பல நேரம் வேறு மாதிரி இருக்கிறது: "வயசாச்சு, தேய்மானம்தான், இனி இப்படித்தான்." பாதி நோயைத் தடுக்கலாம் என்பதும் கேட்கிறது, வயதானால் வரத்தான் செய்யும் என்பதும் கேட்கிறது. எதை நம்புவது? இதற்கிடையில் "சமூக சுகாதாரக் கல்வி" என்ற சொல் எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் வந்துவிடுகிறது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எவை சிதைவு நோய்கள்?

உடலின் ஒரு திசுவோ உறுப்போ ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கட்டமைப்பையும் வேலைத்திறனையும் இழந்துகொண்டே போவதைச் சிதைவு நோய் என்கிறோம். மூட்டுகளில் குருத்தெலும்பு மெலிந்து, மூட்டு முழுவதுமே மாறிப்போவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுத் தேய்மானம். எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறிவது ஆஸ்டியோபோரோசிஸ். நினைவுக்கும் சிந்தனைக்கும் வேண்டிய மூளைச் செல்கள் அழிவது அல்சைமர். அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவது பார்கின்சன். விழித்திரையின் மையப்பகுதி கெடுவதும், முதுகெலும்பின் இடைத்தட்டுகள் வறண்டு தட்டையாவதும் இதே குடும்பம்தான்.

டைப் 2 சர்க்கரை நோயையும் ரத்தக்குழாய் தடிப்பையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சேர்க்காவிட்டாலும் அவற்றை ஒதுக்க முடியாது. மூளை, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் சிதைவுக்கு அவையே வழிபோட்டுக் கொடுக்கின்றன.

அளவைப் பார்த்தால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர். பார்கின்சன் அதே ஆண்டில் 85 லட்சத்துக்கும் மேல். டிமென்ஷியா 2021-இல் 5.7 கோடி, அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர்.

இந்த நோய்களுக்கு மூன்று பொது இயல்புகள் உண்டு. கல்வி இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அவற்றிலிருந்துதான் விளங்கும்.

1. அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிதைவு தொடங்கிவிடுகிறது. அல்சைமர் தொடர்பான மாற்றங்கள் மூளையில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்திருக்கலாம்.
2. இழந்த திசுவை முழுவதுமாகத் திருப்பித் தரும் மருந்து இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. வேகத்தைக் குறைக்கலாம், வலியைக் குறைக்கலாம், வேலை செய்யும் திறனைக் காக்கலாம்.
3. நோயைக் கையாளும் வேலை பெரும்பாலும் வீட்டில் நடக்கிறது. ஒருவர் மருத்துவர் முன் உட்காரும் நேரத்தை ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் சில மணிநேரம்தான் வரும். மற்ற நேரமெல்லாம் முடிவெடுப்பவர் நோயாளியும் அவர் குடும்பமும்.

ஆக, தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போடுவது போல ஒரு தடவையில் முடிகிற விஷயம் இல்லை இது.

## 45 சதவீதம் என்ற எண்ணை எப்படிப் படிப்பது

லான்செட் ஆணையம் 14 காரணிகளைச் சொல்கிறது: பள்ளிக் கல்வி குறைவு, காது கேளாமை, கெட்ட கொலஸ்ட்ரால், மனச்சோர்வு, தலையில் அடி, உடலுழைப்பு இன்மை, சர்க்கரை நோய், புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், அளவு மீறிய மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு.

இந்த எண் ஒரு மக்கள்தொகையைப் பற்றியது, தனி ஒருவரைப் பற்றியது இல்லை. இந்தக் காரணிகள் அத்தனையும் ஒரு சமூகத்திலிருந்து முற்றாக மறைந்துவிட்டால், இப்போது வருகிற நோயில் அவ்வளவு குறையலாம் என்ற கணக்கு அது. ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அவருக்கு அல்சைமர் வரலாம். எதையுமே பார்க்காத இன்னொருவர் 90 வயதில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் பரப்பினால், நோய் வந்தவர் "நான்தான் வரவழைத்துக்கொண்டேன்" என்று நினைக்கத் தொடங்குவார். சுகாதாரக் கல்வி செய்யக்கூடிய கெடுதல்களில் இதுவும் ஒன்று.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். காற்று மாசும் சிறுவயதுக் கல்வியும் தனிமனிதர் கையில் இல்லை. அறிவுரை சொல்லி அவற்றை மாற்ற முடியாது.

## மக்களைத் தடுப்பது எது?

பெரும்பாலான திட்டங்கள் ஒரே அனுமானத்தில் தொடங்குகின்றன: மக்களுக்குத் தெரியவில்லை, தெரியப்படுத்தினால் செய்வார்கள். சில இடங்களில் அது உண்மைதான். பல இடங்களில் இல்லை. தடையை மூன்றாகப் பிரித்தால் குழப்பம் தீரும்.

1. தவறான நம்பிக்கை. இதைத் தகவலால் மாற்றலாம்.
2. செய்யத் தெரியாமை, அல்லது செய்ய முடியும் என்ற நம்பிக்கை இல்லாமை. இதற்குப் பயிற்சி வேண்டும்.
3. செய்ய இடமோ வசதியோ இல்லாமை. இதற்குச் சேவை வேண்டும், சூழல் மாற வேண்டும்.

முதல் தடைக்கான மருந்தை மூன்றாவது தடைக்குக் கொடுப்பதுதான் நடைமுறையில் அதிகம் பார்க்கும் பிழை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## தடை 1: தவறான நம்பிக்கை

"மூட்டு தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும்" என்பது உலகம் முழுக்கப் பரவலாக உள்ள நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டு இயங்கும் விதம் வேறு. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. பஞ்சை அழுத்தி விட்டால் நீர் வெளியேறி மறுபடி உள்ளே வருவது போல, மூட்டில் சுமை ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவம் குருத்தெலும்புக்குள் போய் ஊட்டம் தருகிறது. அசையாமல் வைத்திருக்கும் மூட்டுக்கு அந்த ஊட்டமும் குறைகிறது, அதைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது. தசை மெலிந்தால் வலி கூடும், வலி கூடினால் அசைவு குறையும். அப்புறம் அந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது கடினம்.

முதுகு வலியிலும் இதே கதை, கூடவே ஸ்கேன் அறிக்கை தரும் பயமும் சேர்ந்துகொள்கிறது. முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. இடைத்தட்டுச் சிதைவு 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் தெரிந்தது. இவர்கள் எவருக்கும் வலி கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று அறிக்கையில் எழுதியிருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. பெரும்பாலான தேய்மானம் நரை, சுருக்கம் போல வயதோடு வருவது.

இந்த மாதிரி நம்பிக்கையை ஊடகப் பிரசாரத்தாலேயே மாற்ற முடிந்ததற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997-இல் தொலைக்காட்சி வழியாக ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. முதுகு வலி வந்தால் படுத்தே இருக்காதீர்கள், இயங்கிக்கொண்டிருங்கள், வேலையை விட்டுவிட வேண்டியதில்லை என்பதுதான் செய்தி. பிரசாரம் இல்லாத அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டார்கள். விக்டோரியாவில் மக்களின் கருத்து மாறியது. மருத்துவர்களின் கருத்தும் மாறியது; என் கணிப்பில் இதுதான் பெரிய விஷயம். முதுகு வலிக்கான தொழிலாளர் இழப்பீட்டு விண்ணப்பங்கள் 15 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

பிரசாரம் இங்கே பலித்ததற்குக் காரணம், அது எவரையும் புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. தேவையில்லாமல் செய்துவந்த ஒன்றை விடச் சொன்னது. பயம்தான் தடையாக இருந்தது. பயம் போனதும் ஆட்கள் தாமே எழுந்து நடந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். "பயப்படாதீர்கள்" என்று சொல்லும் கல்வி, எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, கால்கள் திடீரெனப் பலவீனமாவது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

## தடை 2: தெரிந்தும் செய்ய முடியாமை

பெரும்பாலான சிக்கல் இங்கேதான். உடற்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் இன்று அரிது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, செய்யும்போது வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பதுதான் தெரிவதில்லை.

டென்மார்க்கில் 2013-இல் கிளாட் என்ற திட்டம் தொடங்கியது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இரண்டு கல்வி வகுப்புகள், 12 குழுப் பயிற்சி வகுப்புகள். இந்த விகிதத்தை எந்தத் திட்டக்காரரும் கவனிக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது இரண்டு, செய்ய வைப்பது பன்னிரண்டு. பயிற்சியின்போது வலிக்கு அவர்கள் ஓர் அளவுகோல் தருகிறார்கள்: வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள், 5 வரை பரவாயில்லை, அடுத்த 24 மணிநேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே பயிற்சியைத் தொடரலாம், திரும்பவில்லை என்றால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். "மெதுவாகச் செய்யுங்கள்" என்ற பொத்தாம்பொது அறிவுரையைவிட இது எவ்வளவோ மேல். நோயாளி வீட்டில் தனியாக இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவுக்கு இது கையில் பிடித்துக்கொள்ள ஒரு விதியைத் தருகிறது.

இதேபோல, எடையைப் பற்றிப் பேசும்போதும் ஒரு குறிப்பான தகவல் உதவும். மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களிடம் அளந்து பார்த்ததில், உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. "பத்துப் பதினைந்து கிலோ குறைத்தால்தான் பலன்" என்று மலைத்துப் போய் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு கிலோகூட வீணில்லை என்று இது காட்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் மூட்டுவலிக்காரர்களுக்கு உருவாக்கிய சுயமேலாண்மை வகுப்புகள் இன்னொரு பாடம் தந்தன. வகுப்புக்கு வந்தவர்களில் யாருக்கு வலி குறைந்தது என்று பார்த்தபோது, அறிவு கூடியதும் பயிற்சி கூடியதும் அதை முழுதாக விளக்கவில்லை. "இந்த நோயை என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை கூடியவர்களுக்குத்தான் முன்னேற்றம் அதிகம். ஒன்றைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையே செயலைத் தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா விளக்கிய கருத்தோடு இது பொருந்தியது. அதன்பின் வகுப்பையே அதைச் சுற்றித் திருத்தி அமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நாட்பட்ட நோய்களுக்கான வகுப்பின் அமைப்பு இப்படி:

1. வாரம் ஒரு முறை இரண்டரை மணிநேரம், ஆறு வாரம்.
2. நடத்துபவர்கள் இருவர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஒருவருக்காவது நாட்பட்ட நோய் இருக்கும்.
3. ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு திட்டம் சொல்ல வேண்டும்: எதை, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள்.
4. அதை முடிப்பேன் என்ற நம்பிக்கைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் தர வேண்டும். 7-க்குக் கீழே என்றால் திட்டத்தைச் சின்னதாக்க வேண்டும்.
5. அடுத்த வாரம் வந்து என்ன நடந்தது என்று குழுவிடம் சொல்ல வேண்டும். நடக்காவிட்டால் குழு சேர்ந்து வழி தேடும்.

நான்காவது படி பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் தோற்கப் போகிற திட்டத்தோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பாமல் அது தடுக்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து தோற்றவர் மூன்றாவது வாரம் வகுப்புக்கே வரமாட்டார்.

இப்படித் தொடர்ந்து நடத்தும் பயிற்சியின் பலனை அளந்த ஆய்வுகளும் உள்ளன. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வு 2002-இல் வெளியானது. உணவு, நடை, எடை பற்றித் தனித்தனியே 16 பாடங்களும் தொடர் ஆதரவும் பெற்றவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம், ஆள்கணக்கில் சொன்னால்தான் தெளிவு: ஆண்டுக்கு 100 பேரில், வெற்று மாத்திரையும் பொதுவான அறிவுரையும் மட்டும் பெற்ற குழுவில் 11 பேருக்கு நோய் வந்தது, வாழ்க்கைமுறைக் குழுவில் சுமார் 5 பேருக்கு. நல்ல பலன்தான். ஆனாலும் பாடம் பெற்ற எல்லாரும் தப்பிவிடவில்லை.

மூளை விஷயத்தில் பின்லாந்தின் பிங்கர் ஆய்வு 2015-இல் முதல் நம்பிக்கையைத் தந்தது. 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர், இரண்டு ஆண்டுகள், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் நலக் கண்காணிப்பு. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் ஒட்டுமொத்த அறிதிறன் மதிப்பெண் 25 சதவீதம் கூடுதலாக முன்னேறியது. 2025-இல் வெளியான அமெரிக்க பாயிண்டர் ஆய்வு இதே யோசனையை 2,111 பேரிடம் சோதித்தது. அங்கே இரு குழுக்களுக்கும் ஒரே திசையில்தான் அறிவுரை. ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளில் 38 கூட்டங்கள், குறிப்பான இலக்குகள், தொடர் கண்காணிப்பு. மற்றதற்கு 6 கூட்டங்கள், மீதியை அவரவர் விருப்பப்படி. இரு குழுக்களும் முன்னேறின. 38 கூட்டம் கண்ட குழு கொஞ்சம் அதிகமாக முன்னேறியது. வேறுபாடு சிறியது, அது டிமென்ஷியா வருவதைத் தடுக்கிறதா என்பதை இரண்டு ஆண்டு ஆய்வால் சொல்ல முடியாது. "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தொனியில் இதைச் செய்தியாக்குவது அதிகப்படி.

கீழே விழுதல் பற்றியும் ஒரு வரி. எலும்பு மெலிந்தவருக்கு முறிவைத் தருவது பெரும்பாலும் விழுதல்தான். சமநிலைக்கும் அன்றாட அசைவுகளுக்குமான பயிற்சி, விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 24 சதவீதம் குறைக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு சொல்கிறது. சமநிலையைப் படித்து வரவழைக்க முடியாது, நின்று பழகினால்தான் வரும்.

## தடை 3: இடமும் வசதியும் இல்லாமை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின ஆண்கள் போகும் 52 முடிதிருத்தும் கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் முடிவுகள் வந்தன. உயர் ரத்த அழுத்தம் இருந்த 319 பேரை, கடைவாரியாக இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் கடைகளில் முடிதிருத்துபவர் பழக்கத்தை மாற்றவும் மருத்துவரைப் பார்க்கவும் எடுத்துச் சொன்னார். மற்றக் கடைகளில் மருந்தாளுநர் நேரில் வந்து, மருத்துவர்களோடு செய்த ஒப்பந்தப்படி அங்கேயே மருந்து எழுதித் தந்தார். ஆறு மாதத்தில் முதல் குழுவின் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. இரண்டாவது குழுவில் 27.

ரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் டிமென்ஷியாவுக்கும் நேரடியாகப் போகும் பாதை. அதனால் இந்த 9-க்கும் 27-க்கும் இடையிலான தூரம் சாதாரணமானதல்ல. நம்பிக்கையான ஆள், பழகிய இடம், நல்ல செய்தி எல்லாம் இரண்டு குழுக்களுக்கும் பொது. கூடுதலாக வந்தது சேவை மட்டும்தான். அறிவுரையின் முடிவில் "போய்ப் பாருங்கள்" என்று வரும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு முழு வட்டாரத்தின் சூழலையே மாற்ற முயன்றதில் புகழ்பெற்றது பின்லாந்தின் வட கரேலியத் திட்டம். இதய நோயைக் குறைப்பதற்காக 1972-இல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கியது. பெண்கள் அமைப்புகள், பால்பொருள் ஆலைகள், கடைகள், பள்ளிகள், சுகாதார நிலையங்கள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்து வட்டாரத்திலும் மரணங்கள் நன்றாகவே குறைந்தன. எனவே எல்லாப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுக்க முடியாது. 1980-களில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு, மினசோட்டா, பாட்டக்கெட் ஆகிய மூன்று பெரிய சமூகத் திட்டங்கள் இதே பாணியில் நடந்தன. ஒப்பீட்டு நகரங்களும் தாமாகவே முன்னேறிக்கொண்டிருந்ததால் அவற்றில் கிடைத்த வித்தியாசம் சிறிதாகவே இருந்தது. சமூகக் கல்வியைப் புகழ்பவர்கள் வட கரேலியாவை மட்டும் சொல்லி இந்த மூன்றையும் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

## நோய் வந்த பிறகு

தடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே நோயோடு இருப்பவர்கள் விடுபட்டுவிடுவார்கள். பார்கின்சனில் லெவோடோபா மருந்தைச் சரியான நேரத்துக்குக் கொடுப்பது அவ்வளவு முக்கியம். நேரம் தவறினால் அசைவே உறைந்துபோகலாம். அப்படிக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும்போது, தரையில் ஒரு கோட்டைத் தாண்டச் சொல்வதோ, தாளம் போட்டு நடக்கச் சொல்வதோ பலருக்கு உதவுகிறது. டிமென்ஷியா உள்ளவர் கேட்டதையே கேட்கும்போது வாதாடித் திருத்துவதைவிடப் பேச்சைத் திசைமாற்றுவது நல்லது. இவை எல்லாம் பராமரிப்பவருக்குத் தெரிய வேண்டியவை. பராமரிப்பவரின் தூக்கமும் மனநிலையும் கெட்டால் நோயாளியின் நிலையும் கெடும். உலக சுகாதார நிறுவனம் டிமென்ஷியா பராமரிப்பாளர்களுக்கென்றே ஐசப்போர்ட் என்ற பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது இதனால்தான்.

## ஒரு திட்டத்தை எடைபோட

உங்கள் பகுதியில் இப்படி ஒரு முகாமோ வகுப்போ அறிவித்தால், நடத்துபவர்களிடம் இவற்றைக் கேட்கலாம்:

1. எந்தத் தடையை நீக்கப் பார்க்கிறீர்கள்? "விழிப்புணர்வு" என்று மட்டும் பதில் வந்தால் அது பாதிப் பதில்தான்.
2. ஒரு நாளா, பல வாரமா? ஒரு நாள் முகாமில் ரத்த அழுத்தத்தை அளக்கலாம், பழக்கத்தை வளர்க்க முடியாது.
3. கேட்டவருக்குப் புரிந்ததா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது, செய்து காட்ட வைப்பது நம்பகமான வழி.
4. அளந்ததில் ரத்த அழுத்தம் கூடியிருப்பவர் அடுத்து எங்கே போவார்? அந்த இடம் திறந்திருக்கும் நேரம் அவருக்கு ஒத்துவருமா?
5. யார் வரவில்லை? இந்த வகுப்புகளுக்கு எளிதில் வருபவர்கள் ஏற்கெனவே ஓரளவு அக்கறையும் நேரமும் உள்ளவர்கள். காது கேளாதவர், படியேற முடியாதவர், நாள் முழுக்க வேலையில் இருப்பவர், நோயாளியைத் தனியே விட்டுவர முடியாத பராமரிப்பாளர் ஆகியோர் விடுபட்டால், நோய் அதிகம் உள்ள இடத்துக்குக் கல்வி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.
6. எதை வெற்றி என்று கணக்கு வைக்கிறீர்கள்? கொடுத்த துண்டறிக்கை எண்ணிக்கையா, வந்த தலைகளா, அல்லது ஆறு மாதம் கழித்தும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறவர்களின் எண்ணிக்கையா?